மிதிக்கு ஆள் வராத மாசி

மாசியில் மழை பெய்தால் வெளியூர்க்காரர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ரசிப்பார்கள். மரக்காணத்தில் உப்புப் பாத்தி வைத்திருப்பவர்களுக்கு அது வயிற்றில் அடிக்கிற காரியம். முன்பெல்லாம் மார்கழியோடு மழை மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும். தை பிறந்ததும் வெயிலை நம்பி வேலையைத் தொடங்குவோம். இப்போது மழைக்குக் காலமும் கிடையாது, வெட்கமும் கிடையாது. மாசியில் வருகிறது, நினைத்தால் சித்திரையிலும் வருகிறது. கடல் சூடாகிவிட்டது, அதனால்தான் இப்படி என்று டிவியில் விளக்கம் சொல்கிறார்கள். சொல்லட்டும். எங்கள் பக்கம் கரைந்த உப்பு கரைந்ததுதான்.

எனக்கு நான்கு பாத்திகள், குத்தகைக்கு. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு நானே பார்த்துக்கொள்கிறேன். ஒரே மகள் பெங்களூரில் இருக்கிறாள். "இன்னும் எதுக்கும்மா அந்தச் சேத்துல கஷ்டப்படுற, இங்க வந்துடேன்" என்று போன் செய்யும்போதெல்லாம் சொல்வாள். அங்கே போய் மாடி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார எனக்குப் பொறுமை போதாது. என் வாயை அந்த ஊரும் தாங்காது.

உப்பளம் என்றால் உப்புத் தண்ணீரைக் கட்டி வைத்தால் போதும், வெயில் மற்றதைப் பார்த்துக்கொள்ளும் என்று பலருக்கு நினைப்பு. தரை இறுகாமல் உப்பு விளையாது. விளைந்தாலும் பாதி சேறாக வரும். மழை பெய்து போனால் பாத்தியின் களிமண் தரை கூழாகிவிடும். தண்ணீரை வடித்துவிட்டு, அரைகுறையாகக் காய விட்டு, பிறகு காலால் மிதிக்க வேண்டும். பத்துப் பேராவது ஒரே வரிசையில் நின்று, பக்கத்தில் இருப்பவர் தோளில் கை போட்டுக்கொண்டு, குதிகாலை அழுத்தி அழுத்திக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்வோம். தோளில் கை போடுவது பாசத்தினால் அல்ல, விட்டால் வழுக்கும். பெரிய முதலாளிகளுக்கு இதற்குக் கூலியாட்கள் இருக்கிறார்கள். எங்களைப் போன்ற சில்லறைக் குத்தகைக்காரர்கள் எங்களுக்குள் முறை வைத்து மிதிப்போம். இன்று உன் பாத்தி, நாளை என் பாத்தி. கூலி கிடையாது. யார் பாத்தியோ அவர் வீட்டுக் கூழும் கருவாடும் உண்டு, அவ்வளவுதான். முறைக்கு வராமல் இருப்பது என்பது எங்களுக்குள் கல்யாண வீட்டுக்கு வராமல் இருப்பதைவிடப் பெரிய விஷயம்.

அந்த மாசி மழை ஒரு மதியத்தில் வந்தது. திண்டிவனத்திலிருந்து சின்ன லாரியில் வந்து எங்களிடம் உப்பு எடுக்கிற பாய் அன்று சாலையோரம் வண்டியை நிறுத்தியிருந்தார். என் வீட்டுக்காரர் காலத்திலிருந்து வருகிறவர். எடையில் ஏமாற்றமாட்டார். விலையைக் குறைப்பதில் ஆள் கில்லாடி, அவரோடு சண்டை போடாமல் நான் ஒரு லோடுகூட ஏற்றியதில்லை. நான் நீல நிற பிளாஸ்டிக் ஷீட்டைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு உப்புக் குவியலை மூடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கால்வாய்ப் பக்கத்துப் பெரிய வரப்பு ஓரிடத்தில் கரைந்து சரிவதைப் பார்த்தேன். நான் கத்திய கத்தலில் பாய் லாரியை விட்டு இறங்கி ஓடி வந்தார். என் கொட்டகையிலிருந்து மண்வெட்டியை எடுத்து மண்ணை வெட்டி வெட்டி உடைப்பில் போட்டார். நான் கையால் அள்ளிப் போட்டேன். தண்ணீர் எங்கள் இரண்டு பேரையும் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த வரிசையில் இருந்த பாத்திகள் எல்லாம் ஒரே ஏரியாகிவிட்டன. அதிகமாகப் போனது என் பக்கத்துப் பாத்திக்காரருக்கு. அவர் என் வீட்டுக்காரருக்குப் பங்காளி, எனக்குக் கொழுந்தனார் முறை.

இரண்டு நாள் கழித்து எல்லோருடைய போனிலும் ஒரு வீடியோ சுற்றியது. சாலையிலிருந்து யாரோ எடுத்தது. கொட்டுகிற மழையில் தொப்பி போட்ட ஒருவர் மண்வெட்டியால் வரப்பை வெட்டுகிறார். பக்கத்தில் நீல பிளாஸ்டிக் மூட்டை ஒன்று கிடக்கிறது. "பாருங்க, நம்ம வரப்ப வெட்டி விடறான் பாருங்க. உப்பு போச்சுன்னா அடிமாட்டு வெலைக்கி வாங்கலாம்ல" என்று ஒரு குரல் பின்னணியில் பேசுகிறது. அந்த மூட்டைதான் நான்.

முதலில் சிரித்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இதை யார் நம்புவார்கள் என்று நினைத்தேன். ஊரே நம்பியது. மழைமேல் கோபப்பட்டு என்ன செய்வது? அதன் வீட்டு வாசலில் போய்க் கத்த முடியுமா, சட்டையைப் பிடிக்க முடியுமா? பாய்க்குச் சட்டை இருந்தது.

அந்த வாரமே உப்பு ஏற்றுகிற தகரக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். கீழ்புத்துப்பட்டு வழியாகக் காரில் இரண்டு வாலிபர்கள் வந்தார்கள். தோளில் காவித் துண்டு, பேச்சில் தேன். ஆளுக்கு ஒரு பை அரிசி கொடுத்தார்கள். நல்ல அரிசி, பொய் சொல்லக்கூடாது. எங்கள் கஷ்டத்தை எங்களைவிட நன்றாகப் பேசினார்கள். மழையில் எல்லாம் போன பிறகு எங்களை வந்து என்ன ஏது என்று கேட்ட முதல் ஆட்கள் அவர்கள்தான், அதையும் சொல்ல வேண்டும். பெண்கள் சிலர் அழுதார்கள். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார்கள். இனிமேல் பாய்க்கு உப்பு போடக்கூடாது, நம்ம ஆளாக வேறொரு வியாபாரி வருவார், சம்மதம் என்றால் கையைத் தூக்குங்கள். கைகள் தூக்கப்பட்டன.

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

"அந்த வீடியோவுல இருக்கற நீல பிளாஸ்டிக் நான்தான்பா" என்றேன். "வரப்பு ஒடையறத என் கண்ணால பாத்தேன். மழதான் ஒடைச்சுது. அவரு அடைக்கத்தான் வந்தாரு."

வாலிபர்களில் ஒருவன் சிரித்த முகம் மாறாமல் கேட்டான். "எவ்ளோ குடுத்தாரும்மா பாய்?"

என் வயதுக்கு யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நான் கொழுந்தனாரைப் பார்த்தேன். உடைப்பு எடுத்த கொஞ்ச நேரத்திலேயே ஓடி வந்தவர் அவர். பாய் சேற்றில் முழங்கால் வரை நின்று மண் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தவர். "தம்பி, நீயாவது சொல்லு" என்றேன். அவர் தன் கையில் இருந்த அரிசிப் பையின் முடிச்சைச் சரி செய்துகொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் உப்பளத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.

தரை காய்ந்ததும் மிதி தொடங்கியது. என் பாத்திகளின் முறை அந்தச் சுற்றில் கடைசியில். நான் ஒன்றும் நடக்காதது போல எல்லோருடைய பாத்திக்கும் போனேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, பேசவும் இல்லை. தோளில் கை போட்டார்கள், முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார்கள். கோபம் ஆறிவிடும் என்று நினைத்தேன். மண்ணை மிதிக்க மிதிக்க மனது கொஞ்சம் இளகாமலா போகும் என்று என்னென்னவோ சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

என் முறை வந்த நாள் விடியற்காலையிலேயே எழுந்து பெரிய குண்டானில் கூழ் காய்ச்சினேன். நெத்திலிக் கருவாடு வறுத்தேன். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகை நிழலில் வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. சாலையில் பஸ் போனது, வந்தது. பக்கத்துப் பாத்திகளில் ஆட்கள் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். என் பக்கம் ஒருவர்கூடத் திரும்பவில்லை. கூழ் புளித்துவிடும் என்ற கவலைதான் எனக்கு முதலில் வந்தது. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அப்படித்தான். ஆட்கள் வரமாட்டார்கள் என்பதை மனம் ஏற்றுக்கொள்ளவே இல்லை.

கடைசியில் நானே இறங்கினேன். தனியாக மிதிப்பது எப்படி என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, ஏனென்றால் யாரும் மிதித்ததில்லை. காலை ஊன்றினால் உடம்பு சாய்கிறது. கை தானாகப் பக்கத்தில் தோளைத் தேடிப் போகிறது. அங்கே காற்றுதான் இருக்கிறது. இரண்டு தடவை விழுந்தேன். ஒரு கழியை ஊன்றிக்கொண்டு மிதித்தேன், கழி ஊன்றிய இடமெல்லாம் குழியானது. ஒரு மூலையை முடிப்பதற்குள் மதியமாகிவிட்டது. கூலிக்கு ஆள் கேட்டுப் பார்த்தேன். "உங்க பாத்திக்கி வர முடியாதும்மா, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று மரியாதையாகவே சொன்னார்கள்.

அன்று மாலை பாய் போன் செய்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அக்கா, எனக்காக நீங்க எதுக்குச் சண்ட போடறீங்க? நான் செய்யூர் பக்கம் பாத்துக்கறேன். இனிமே அந்தப் பக்கம் வரல."

"வந்து ஒரு நாள் மிதிச்சிக் குடுத்துட்டுப் போங்க பாய். உங்களாலதான எனக்கு ஆள் வரல."

பாய் சொன்னார். "வண்டிய கொளுத்திடுவாங்கக்கா. அது ஒண்ணுதான் எனக்கு இருக்குது."

எனக்குக் கோபம் வந்தது. போனை வைத்துவிட்டேன். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்பது தெரிந்ததால் இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது. யாருக்காக வாயைத் திறந்தேனோ அவரும் வரமாட்டார். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு மிச்சக் கூழைக் கரைத்தபோது, மகள் சொன்னபடி கேட்டிருக்கலாம் என்று ஒரு தடவை தோன்றியது. அவளிடம் எதையும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

அனுமந்தைக் குப்பத்தில் ஒரு மீன்காரம்மா இருக்கிறாள். மாதா கோயில் தெருக்காரி. கருவாடு போட என்னிடம்தான் உப்பு வாங்குவாள். எங்கள் உறவு உப்புக்கும் மீனுக்கும் மேல் போனதில்லை. அவள் வீட்டுக்கு முன்னால் இருந்த வீட்டு வரிசையைப் போன வருஷம் கடல் எடுத்துக்கொண்டது, இப்போது அவள் வாசல்தான் கரை. மாசி மழையில் காயப் போட்டிருந்த கருவாடு முழுவதும் புழுத்துப் போனதாம். மறுநாள் காலையில் இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு என் பாத்தி வரப்பில் வந்து நின்றாள்.

"உப்புக்காரம்மா, ஆள் வேணுமாமே."

"உனக்கு மிதிக்கத் தெரியுமா?"

"தெரியாது. நீ சொல்லு."

"எதுக்கு வந்த? உனக்கு இன்னா தலையெழுத்து?"

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டே சொன்னாள். "இன்னிக்கி பாய் வந்து வரப்ப ஒடச்சான்றானுங்க. நாளைக்கிக் கடல் ஏறுனா, மாதா கோயில்காரிதான் ஜெபம் பண்ணிக் கூப்ட்டாள்னுவானுங்க. அப்ப எனக்காக நீ வந்து கத்துவ இல்ல, அதுக்குத்தான்."

நான் கழியை வரப்பில் போட்டேன். இறங்குங்கள் என்று அதட்டினேன்.

அவர்கள் மிதித்த அழகை என்னவென்று சொல்வது! கடற்கரைக்காரர்கள் பிறந்ததிலிருந்து ஈர மணலில் விரலை ஊன்றி நடந்து பழகியவர்கள். வலை இழுப்பதும் விரலில் நின்றுதான். எங்களுக்குக் குதிகால் வேண்டும். அவர்கள் கடந்து போன இடமெல்லாம் விரல் குழிகள். பாத்தி முழுக்கக் கோழி கிளறிய மாதிரி ஆகிவிட்டது. "குதிகால வைங்கடி, குதிகால வைங்க!" என்று நான் கத்திக்கொண்டே பின்னால் போய்க் குழிகளை அமுக்கினேன். "இந்த வாய்க்குத்தான் உனக்கு ஆள் வரல" என்றாள் அவள். மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். பத்துப் பேர் ஒரே நாளில் முடிக்கிற வேலையை நாங்கள் நாலு பேர் அந்த வாரம் முழுக்க இழுத்தோம். மீன் வந்த நாட்களில் அவர்களால் வர முடியாது, அன்றைக்கெல்லாம் நான் தனியாகக் கழியோடு மிதித்தேன். அழகாக வரவில்லை, ஆனாலும் தரை இறுகியது. பங்குனியில் உப்பு விளைந்தது. புது வியாபாரி என் குவியலைத் தாண்டிப் போனார். கருவாட்டுக்கு வேண்டியதை அனுமந்தைப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். மீதியை வரப்பில் குவித்து வைத்தேன்.

குரூப்பில் இல்லாததன் கஷ்டம் சித்திரையில்தான் புரிந்தது. மழை வருகிறது, மூடுங்கள் என்ற செய்தியெல்லாம் அதில்தான் வரும். எனக்கு வானத்தைத் தவிர வேறு வழியில்லை, இப்போதெல்லாம் வானம் முன்கூட்டி எதையும் காட்டுவதும் இல்லை. ஒரு நாள் சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது கொழுந்தனாரின் பெண்சாதி தன் பாத்தி வரப்பில் நின்று, யாருமே இல்லாத சாலையைப் பார்த்துப் பெரிய குரலில் கத்தினாள். "மூணு மணிக்கு மேல மழையாம்! காத்தும் பலமா இருக்குமாம்!" கத்திவிட்டு என்னைப் பார்க்காமலே போய்விட்டாள். கூட்டம் நடந்த நாளிலிருந்து அவள் என்னோடு பேசியதில்லை. நான் ஓடிப்போய்க் குவியலை மூடிக் கல்லை வைத்தேன். சொன்னபடியே மழை வந்தது. உப்பு தப்பித்தது. பாத்திகள் மறுபடியும் கூழாகிவிட்டன, எல்லோருடையதும்.

இந்தத் தடவை மிதிக்கு ஊரிலேயே ஆள் இல்லை. எத்தனை தடவைதான் மிதிப்பது? பாதிப் பேர் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். கொழுந்தனார் புதுச்சேரியில் ஏதோ கம்பெனிக்கு மூட்டை தூக்கப் போய் ராத்திரிதான் வீடு திரும்புவார். காரில் வந்த வாலிபர்கள் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. வேறு ஊரில் வேறு வீடியோ இருந்திருக்கும். அவர்கள் கொண்டுவந்த வியாபாரியும் விலையைப் பாதியாக்கிவிட்டு, மழைக்குப் பிறகு காணாமல் போனார்.

ஒரு காலையில் நான் கொட்டகையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பாத்தியில் கொழுந்தனாரின் பெண்சாதி தனியாக மிதித்துக்கொண்டிருந்தாள். காலை ஊன்றுவாள், சாய்வாள், கையை நீட்டுவாள், பிடிக்க ஒன்றும் இருக்காது. நன்றாகப் படட்டும் என்று நினைத்தேன். மனதாரத்தான் நினைத்தேன். இன்னொரு வாய் சோறு போட்டுக்கொண்டேன். அது இறங்கவில்லை. மூன்று மணிக்கு மழை என்று கத்திய குரல் காதிலேயே நின்றது. தூக்குவாளியை மூடி வைத்துவிட்டு இறங்கிப் போய் அவள் பக்கத்தில் நின்றேன். தோளில் கை போட்டேன். அவள் அடுத்த அடியை எடுத்து வைத்தாள்.

மதியம் வரை இரண்டு பேரும் மிதித்தோம். பிறகு அவள் மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, நாளைக்கி உங்க பாத்திக்கி நான் வர முடியாது. அவரு விட மாட்டாரு."

"நான் உன்ன கூப்ட்டனா?"

"இல்ல. முன்னாடியே சொல்லிட்டா நல்லதுன்னு..."

"சொல்லிட்ட இல்ல. காலப் பாத்து வை."

அவள் அழ ஆரம்பித்தாள். நான் அவள் தோளை விடாமல் மிதித்தேன். அவளுடைய ஒரு பாத்தியைப் பொழுது சாய்வதற்குள் முடித்தோம். என் சோற்றை அவள் தொடவில்லை, அவள் கொடுத்த கூழை நான் குடித்தேன்.

மறுநாள் என் பாத்தியில் நானும் மீன்காரம்மாவும் மட்டும்தான். மற்ற இருவருக்கும் கடல் வேலை இருந்தது. அவளுடைய விரல் புத்தி அவளை விடவே இல்லை, நான் அதட்டிக்கொண்டே இருந்தேன். வெயில் ஏறிய நேரத்தில் கொழுந்தனாரின் பெண்சாதி தன் வரப்பில் வந்து நின்றாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள்.

"யாரு அது, வர்றாளா?" என்று மீன்காரம்மா கேட்டாள்.

"வர மாட்டா" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, சாயங்காலம் வரை நான் அந்த வரப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.